வீடு தேடி வந்த இசையும் வாசற் சாவியும்

மாலை வேளையில் நம் வீடுகளில் நடைபெறும் ஒரு சிறு காரியத்தைச் சற்றே நின்று கவனிப்போம். கூடத்து மேசைமேல் கையளவான ஒலிபெருக்கி ஒன்று இருக்கிறது. அடுக்களையில் மற்றொன்று, படுக்கையறையில் இன்னொன்று. பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளை கைபேசியை எடுத்து விரலால் ஒரு முறை தொடுகிறான். உடனே மூன்று அறைகளிலும் ஒரே பாட்டு, ஒரே தாளத்தில், முன்பின்னாகாமல் ஒலிக்கத் தொடங்குகிறது. கம்பி இல்லை, இசைத்தட்டு இல்லை, ஊசி இல்லை, பழைய கிராமபோன் பெட்டிக்குக் கொடுத்தது போல் சாவி கொடுக்கும் வேலையும் இல்லை. அதிசயம் என்று வியப்பாரும் வீட்டில் ஒருவரும் இல்லை.

அதிசயம் பழகிப் போனால், அதைப் பற்றிக் கேள்வி கேட்கும் வழக்கமும் நம்மை விட்டு அகன்று விடுகின்றது. இந்த இசை நம் வீட்டிற்குள் எவ்வழியாக வந்தது? இது முதற் கேள்வி. வந்த வழியின் கதவுக்குச் சாவி யார் கையில் இருக்கிறது? இஃது இரண்டாவது கேள்வி. முதற் கேள்வியை அறிவியல் விரும்பும் சிலராவது கேட்கின்றனர். இரண்டாவதைக் கேட்பவர் மிகச் சிலர். ஆனால் அதனைக் கேளாமலிருப்பதால் வரும் நட்டம் பணம் கொடுத்து வாங்கும் நம் ஒவ்வொருவரையுமே சாரும். ஆகவே இரண்டையும் ஒருங்கே எடுத்து, வரலாற்றின் துணைகொண்டு ஆராய விரும்புகிறோம்.

இசையை நாடிச் சென்ற காலம்

மனித வரலாற்றின் மிகப் பெரும் பகுதியில் இசை ஓரிடத்தில் இருந்தது. கேட்பவனே அதனை நாடிச் சென்றான். சென்றவரெல்லாம் உள்ளே விடப்பட்டனரா என்றால், அதுதான் இல்லை. இசை நடந்த இடங்கள் பலவற்றில் ஒரு வாசல் இருந்தது. வாசலில் ஒரு காவலன் நின்றான். ஓரிடத்தில் அவன் பணத்தைக் கேட்டான். ஓரிடத்தில் உடையைப் பார்த்தான். ஓரிடத்தில் பிறப்பை விசாரித்தான். பாட்டு எல்லார் செவிக்கும் இனியதாயினும், எல்லார் செவிக்கும் உரியதாக இருக்கவில்லை.

இந்நிலையில் 1881-ம் ஆண்டு பாரிஸ் மாநகரில் மின்சாரக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. அங்கே கிளெமான் அதேர் என்னும் பொறியியலறிஞர் ஒரு புதுமையைச் செய்து காட்டினார். நகரத்து ஒபெரா அரங்கின் மேடை முகப்பில் தொலைபேசி ஒலிவாங்கிகளை வரிசையாக அமைத்து, அவற்றினின்றும் கம்பிகளைக் கண்காட்சி மண்டபத்திற்குக் கொண்டு வந்தார். ஒவ்வொருவருக்கும் இரண்டு செவிக்கருவிகள். இடச் செவிக்கு மேடையின் இடப்புறத்து ஒலி, வலச் செவிக்கு வலப்புறத்து ஒலி. மேடையில் பாடகர் இங்குமங்கும் நடப்பதைக்கூட, அரங்கிற்கு வெகு தொலைவில் நின்றவர்கள் செவியாலேயே உணர்ந்தார்கள். இன்று நாம் ஸ்டீரியோ என்று சொல்லும் முறைக்கு இதுவே முன்னோடி.

இந்தப் புதுமை 1890-ம் ஆண்டில் தியேட்ரோபோன் என்ற பெயரில் வியாபாரமாயிற்று. விடுதிகளிலும் காப்பிக் கடைகளிலும் பெட்டிகள் வைக்கப்பட்டன. ஐம்பது சாந்தீம் நாணயத்தைப் போட்டால் ஐந்து நிமிடம் கேட்கலாம். வசதியுடையார் சந்தா செலுத்தி வீட்டிலேயே கேட்டனர். நோயினால் வெளியே செல்ல இயலாது தவித்த எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட் 1911-ம் ஆண்டில் சந்தாதாரரானார். ஒபெரா அரங்கு அவர் வீட்டிற்குள்ளேயே வந்து சேர்ந்தது. ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் 1893-ம் ஆண்டு திவதார் புஷ்காஷ் என்பவர் தொலைபேசிக் கம்பி வழியே செய்தியும் இசையும் வழங்கும் நிலையத்தைத் தொடங்கினார். தொடங்கிய மறு மாதமே அவர் காலமானார். ஆனால் அவர் தொடங்கிய பணி அவருக்குப் பின்னும் பல ஆண்டுகள் நிலைத்தது. இலண்டனிலும் 1895-ம் ஆண்டு இத்தகைய அமைப்பு ஒன்று தோன்றியது.

இவையெல்லாம் பாராட்டத்தக்க முயற்சிகளே. ஆயினும் இவற்றால் வாசற்காவலன் ஒழிந்தானா? இல்லை. அரங்கின் வாசலில் நின்றவன் இடம் பெயர்ந்து நம் வீட்டு வாசலில் வந்து நின்றான், அவ்வளவே. சந்தா கட்டியவன் வீட்டிற்குக் கம்பி வந்தது. கட்ட இயலாதவன் வீட்டைத் தாண்டிப் போயிற்று.

ஒரு கனவும் ஒரு யந்திரமும்

எல்லார்க்கும் இசை என்னும் எண்ணத்தை ஒரு கற்பனைக் கதையாக எழுதியவர் அமெரிக்கரான எட்வர்ட் பெல்லமி. 1888-ம் ஆண்டு வெளியான 'லுக்கிங் பேக்வர்ட்' என்ற அவருடைய நூலில், நெடுந்துயில் கொண்ட ஒருவன் 2000-ம் ஆண்டின் பாஸ்டன் நகரில் விழித்தெழுகிறான். அவன் தங்கியிருக்கும் வீட்டில் இசைக்கருவி ஒன்றும் காணப்படவில்லை. ஆனால் சுவரிலுள்ள திருகைத் திருப்பியதும் அறை முழுதும் இசை நிறைகிறது. நகரின் இசை மண்டபங்களில் இரவும் பகலும் கலைஞர்கள் முறைவைத்து வாசிக்க, அது தொலைபேசிக் கம்பி வழியே வீடுகளுக்குப் பாய்கிறது. சிறு கட்டணம் உண்டு. அதனைச் செலுத்தாத குடும்பம் அந்நகரில் இல்லை. 2000-ம் ஆண்டு என்று அவர் குறித்த காலக்கணக்கு ஏறத்தாழப் பலித்தது என்பதைப் பின்னர்க் காண்போம். ஆனால் அவர் கனவின் உயிர்நிலை திருகில் இல்லை. மண்டபமும் கம்பியும் ஊராரின் பொதுச் சொத்தாக இருந்ததில் இருந்தது. அந்தப் பாதி பலிக்கவில்லை.

பெல்லமியின் கனவை இரும்பிலும் செம்பிலும் வடிக்க முனைந்தவர் தாடியஸ் கேஹில். மின்னாக்கிகளைக் கொண்டே இசையைப் பிறப்பித்துத் தொலைபேசிக் கம்பியில் அனுப்பும் டெல்ஹார்மோனியம் என்னும் யந்திரத்தை அவர் அமைத்தார். 1906-ம் ஆண்டு நியூயார்க் நகரில் நிறுவப்பட்ட அந்த யந்திரத்தின் எடை சுமார் 200 டன். உணவு விடுதிகளுக்கும் மாளிகைகளுக்கும் அதன் இசை சென்றது. ஆனால் அதன் மின்னோட்டம் அடுத்த கம்பிகளில் புகுந்து, பேசிக் கொண்டிருந்தவர்களின் உரையாடலைக் குலைத்தது. செலவோ அளவு கடந்தது. சில ஆண்டுகளிலேயே அம்முயற்சி சாய்ந்தது. கம்பியின் வழியே ஊர் முழுதும் இசை பரப்புவது எளிதன்று என்பதை அந்த யந்திரம் உலகிற்குப் போதித்தது.

நம் ஊரில் ஒரு பெட்டி

1920-ம் ஆண்டுகளில் வானொலி பரவியது. கம்பியின் தளை அறுந்தது. பெட்டி வைத்திருந்தவர் யாரும் காற்றில் வரும் இசையைப் பெறலாயினர். எனினும் வானொலிப் பெட்டி வாங்குவது எளிய குடும்பத்திற்கு நெடுங்காலம் எட்டாத செலவாகவே இருந்தது. அதனால்தான், கம்பியை விட்டு உலகம் காற்றுக்குச் சென்ற பின்னரும், நம் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் 1949-ம் ஆண்டு ரீடிஃப்யூஷன் என்னும் கம்பிவழி ஒலிபரப்பு காலூன்றிற்று. சிங்கப்பூரில் மாதம் ஐந்து வெள்ளி சந்தா கட்டினால் வீட்டுச் சுவரில் ஒரு சிறு பெட்டி வந்து அமரும். அதில் நிலையந் தேடும் வேலை இல்லை; இரைச்சல் இல்லை. காப்பிக் கடைகளில் அப்பெட்டியின் கீழ் கூட்டங் கூட்டமாக மக்கள் அமர்ந்து கேட்டனர். லீ டாய் சோர் என்ற கதைசொல்லி காண்டோனீஸ் மொழியில் சொன்ன கதைகளுக்காக வேலையை முடித்துக்கொண்டு விரைந்தவர் பலர்.

அந்தப் பெட்டி நம் முன்னோர்க்குச் செய்த நன்மையை நாம் மறக்கலாகாது. ஆயினும் அதன் இயல்பையும் மறைக்கலாகாது. ஒலியைக் கூட்டலாம், குறைக்கலாம், வேண்டாமென்றால் நிறுத்தலாம், அதற்கு மேல் கேட்பவனுக்கு உரிமை இல்லை. எந்தப் பாட்டு, எந்த நேரம் என்பதை நிலையத்தாரே தீர்மானித்தனர். சந்தா நின்றால் பெட்டி ஊமை. 2012-ம் ஆண்டு ஏப்ரல் மாத முடிவில் அந்தக் கம்பிவழி ஒலிபரப்பு நின்றது, பெட்டிகளும் பழம்பொருளாயின. அப்பெட்டியை வீட்டில் வைத்திருந்த எவரும் அதைத் தம் உடைமை என எண்ணி ஏமாறவில்லை. வாடகைப் பொருள் என்பது வெளிப்படையாகத் தெரிந்தது. இந்த வெளிப்படைத்தன்மையை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். பின்னர் இதனுடன் வேறொன்றை ஒப்பிடவிருக்கிறோம்.

ஒலி எண்ணாக மாறியது

1982-ம் ஆண்டு குறுந்தட்டு சந்தைக்கு வந்தது. இதில் ஒலி அலை நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் எண்ணாக எழுதப்படுகிறது. இரு செவிக்கும் சேர்த்து நொடியொன்றுக்கு 14 இலட்சத்திற்கும் அதிகமான ஒன்று, சுழிகள் வேண்டும். ஐந்து நிமிடப் பாட்டு ஐம்பது மெகாபைட்டைத் தாண்டும். அந்நாளைய தொலைபேசி வழி இணைப்பில் இதை அனுப்புவது, யானையை ஊசித் துளையில் நுழைப்பது போன்ற காரியம்.

ஜெர்மனி நாட்டின் எர்லாங்கன் நகரில், ஃபிரான்ஹோஃபர் ஆராய்ச்சிக் கழகத்தில், கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலிய அறிஞர்கள் மனிதச் செவியின் இயல்பை ஆராய்ந்து ஒரு வழி கண்டனர். பெரிய ஓசை எழும்போது அதனையொட்டிய சிறிய ஓசையைச் செவி உணர்வதில்லை. உணராததை எதற்காகச் சுமந்து செல்ல வேண்டும்? அதனை விலக்கிவிட்டால், ஏறத்தாழப் பதினொன்றில் ஒரு பங்கு எண்களே போதும். ஐம்பது மெகாபைட் ஐந்தாகச் சுருங்கும். இம்முறையைச் சோதிக்கப் பயன்பட்டவற்றுள் ஒன்று, சூசான் வேகா என்ற பாடகி பக்கவாத்தியம் ஏதுமின்றிப் பாடிய 'டாம்ஸ் டைனர்' என்னும் பாட்டு. பக்கவாத்தியத்தின் மறைப்பு இல்லாத மனிதக் குரலில் சிறு பிழையும் உடனே வெளிப்பட்டுவிடும் அன்றோ! 1995-ம் ஆண்டு ஜூலை மாதம் இக்கோப்புகளுக்கு எம்பி3 என்ற பெயர் தெரிந்தெடுக்கப்பட்டது.

பாட்டு இலேசாயிற்று. இனி அதனை வீட்டிற்குள் கம்பியின்றி நடத்திச் செல்லக் காற்றில் ஒரு பாதை வேண்டும்.

காற்றில் ஒரு பொது நிலம்

வானலைகள் நிலத்தைப் போன்றவை. அரசாங்கத்தின் உரிமம் பெற்றவரே ஒவ்வொரு பகுதியையும் ஆளலாம். வானொலிக்கு ஒரு பகுதி, விமானங்களுக்கு ஒரு பகுதி, காவல் துறைக்கு ஒரு பகுதி என எல்லாம் பங்கிடப்பட்டிருந்தன. எவரும் விரும்பாத சில பகுதிகள் மட்டும் ஊர்ப் புறம்போக்குப் போலக் கிடந்தன. அவற்றுள் ஒன்றில், உணவு சுடவைக்கும் மைக்ரோவேவ் அடுப்பின் கசிவு நிறைந்திருந்தது. 1985-ம் ஆண்டு அமெரிக்க அரசின் தகவல் தொடர்பு ஆணையம், இப்பகுதிகளில் குறிப்பிட்ட முறைப்படி இயங்கும் கருவிகள் உரிமமின்றியே ஒலிபரப்பலாம் என்று விதி செய்தது. பணக்காரனுக்கு ஒரு பங்கு, ஏழைக்கு ஒரு பங்கு என்றில்லை. பிறருக்கு இடைஞ்சல் செய்யாத வரையில் எல்லார்க்கும் பொது.

இந்தப் பொது நிலத்தில்தான் 1997-ம் ஆண்டு கம்பியில்லாக் கணினி வலையமைப்புக்கான முதற்பொது விதி எழுந்தது. அதன் வேகம் நொடிக்கு 20 இலட்சம் எண்கள். 1999-ல் அது ஒரு கோடியே 10 இலட்சமாக உயர்ந்தது. வைஃபை என்ற பெயரும் அவ்வாண்டில் சூட்டப்பெற்றது.

ஆனால் வீட்டிற்குள் ஒரு சங்கடம் உண்டு. அலை நேரே வருவதோடு நில்லாமல் சுவரிலும் அலமாரியிலும் மோதித் தாமதித்தும் வருகின்றது. வெறுங்கூடத்தில் விரைந்து பேசினால் எதிரொலி கலந்து சொல் குழம்புவது போல், எண்களும் குழம்பும். ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் ஓ'சல்லிவனும் அவர் தோழர்களும் இதற்கொரு பரிகாரம் கண்டு, 1992-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். ஒருவன் விரைந்து பேசுவதற்குப் பதில், பலர் வெவ்வேறு சுருதியில் நிதானமாகப் பேசினால் எதிரொலியால் கேடில்லை. செய்தியும் விரைந்து சேரும். இந்த அறிவு அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? வானத்தில் வெடித்துச் சிதறும் சிறு கருந்துளைகளைத் தேடிய ஆராய்ச்சியிலிருந்து ஒரு பகுதி வந்தது. தேடிய கருந்துளை அகப்படவில்லை. தேடப் பயன்பட்ட கணிதம் நம் அடுக்களை ஒலிபெருக்கிக்கு உதவிற்று. பயன் என்ன என்று கேட்டுத் தூய ஆராய்ச்சிக்குப் பணம் மறுப்போர் இச்செய்தியைச் சற்றே சிந்திப்பாராக.

பெட்டிகள் பிறந்தன

பாட்டும் பாதையும் அமைந்தபின், இரண்டையும் இணைக்கும் பெட்டிகள் அடுத்தடுத்துத் தோன்றின. அமெரிக்காவில் சிலிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனம் 2001-ல் ஒரு கருவியை வெளியிட்டது. கணினியிலுள்ள பாட்டுகளை வீட்டு வலையமைப்பின் வழியே எடுத்து ஒலிபெருக்கிக்கு அது கொடுத்தது; ஆனால் கம்பி வேண்டியிருந்தது. 2003-ல் அந்நிறுவனமே கம்பியில்லாத ஸ்குவீஸ்பாக்ஸ் என்னும் கருவியைக் கொண்டு வந்தது. அதே ஆண்டில் நம் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் டெக்னாலஜியும் 'சவுண்ட் பிளாஸ்டர் வயர்லெஸ் மியூசிக்' என்ற கருவியை வெளியிட்டது. 1981-ம் ஆண்டு சிம் வோங் ஹூ தொடங்கிய சிறிய கணினிக் கடையினின்றும் வளர்ந்து, கணினிக்குக் குரல் கொடுத்து உலகப் புகழ் பெற்ற நிறுவனம் அது என்பதை நேயர்கள் அறிவர். 2004-ல் ஆப்பிள் நிறுவனம் சுவரில் செருகும் சிறு பெட்டி ஒன்றின் வழியே ஏர்டியூன்ஸ் என்ற முறையைத் தந்தது. 2005-ன் தொடக்கத்தில் சோனோஸ் நிறுவனத்தின் கருவிகள் வந்தன. பல அறைகளில் ஒரே பாட்டை ஒருங்கே ஒலிக்கச் செய்வதையே அவை சிறப்பாகக் கொண்டிருந்தன.

ஒருங்கே ஒலிக்கச் செய்வது அத்துணைக் கடினமோ என்று வினவலாம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் காலங்காட்டும் படிகம் ஒன்று துடிக்கிறது. இரண்டு படிகங்கள் ஒன்றுபோல் துடிப்பதில்லை. பத்து இலட்சத்தில் ஐம்பது பங்கு வேறுபட்டாலும், ஒரு மணி நேரத்தில் ஐந்தில் ஒரு நொடியளவு பிசகு வந்துவிடும். அடுக்களைப் பாட்டு கூடத்துப் பாட்டுக்கு எதிரொலியாகி எரிச்சலூட்டும். ஆகவே பெட்டிகள் ஓயாமல் தம்முள் நேரம் ஒப்பிட்டுக் கொள்கின்றன. மேலும் காற்றில் வரும் எண்கள் சீராக வருவதில்லை. விட்டு விட்டு வருகின்றன. குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும் கூரைத் தொட்டி நிறைந்திருந்தால் வீட்டில் ஒழுக்கு அறாது. அதுபோல் ஒவ்வொரு பெட்டியும் சில நொடிப் பாட்டை முன்னரே வாங்கி நினைவகத்தில் தேக்கி வைத்துக் கொள்கிறது.

புளூடூத் என்பது வேறு. 1994-ம் ஆண்டளவில் சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தில் உருவாகத் தொடங்கிய அம்முறை, கைபேசிக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே கட்டப்பட்ட சிறு கயிறு போன்றது. கைபேசி தொலைவிற்குப் போனால் பாட்டு அறும். வைஃபை முறையோ வீடு முழுதும் ஓடும் வாய்க்கால்.

பெல்லமியின் திருகு கைக்கு வந்துவிட்டது. 2008-ம் ஆண்டு சுவீடனில் பிறந்த ஸ்பாட்டிஃபை முதலிய சேவைகள் அவருடைய இரவு பகலான இசை மண்டபத்தையும் கொண்டு வந்து சேர்த்தன. ஆனால் வாசற்காவலன் எங்கே போனான்? இதுதான் நாம் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி.

சாவி யார் கையில்?

2008-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், தன் எம்எஸ்என் மியூசிக் கடையில் பாட்டு வாங்கியவர்களுக்கு ஓர் அறிவிப்பு விடுத்தது. அப்பாட்டுகள் பூட்டப்பட்டவை; புதிய கணினியில் திறக்க வேண்டுமானால் நிறுவனத்தின் சர்வர் சாவி தர வேண்டும். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திற்குப் பின் சாவி தரப்படமாட்டாது என்பதே அறிவிப்பு. வாடகைக்கு எடுத்தவர்கள் அல்லர். விலை கொடுத்து வாங்கியவர்கள்! எதிர்ப்பு எழுந்தபின் 2011-ன் முடிவு வரை காலம் நீட்டிக்கப்பட்டது. காலம் நீண்டதேயன்றிச் சாவி கை மாறவில்லை.

ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்டியூன்ஸ் முறையும் பூட்டுடன்தான் வந்தது. பிறர் செய்த பெட்டிகள் அந்த இசையை ஏற்க இயலாதபடி, அதற்குரிய இரகசிய எண் கருவிக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. 2011-ல் ஜேம்ஸ் லெயர்ட் என்பவர் ஒரு கருவியைப் பிரித்து ஆராய்ந்து அந்த எண்ணைக் கண்டு, உலகறிய வெளியிட்டார். அதன்பின் சாதாரணக் கணினிகளும் அந்த இசையை ஏற்றன. சாவி என்று நாம் சொல்வது உவமை மட்டுமன்று என்பதை இந்நிகழ்ச்சி காட்டும்.

2019-ம் ஆண்டு சோனோஸ் நிறுவனம் பழைய கருவிகளுக்குப் பதிலாகப் புதியன வாங்குவோர்க்கு முப்பது விழுக்காடு தள்ளுபடி அறிவித்தது. நிபந்தனை யாது? பழைய கருவியில் ஒரு கட்டளையை இட வேண்டும். இருபத்தொரு நாளில் அக்கருவி நிரந்தரமாகச் செயலிழக்கும். நன்றாகப் பாடிக் கொண்டிருந்த பெட்டியை ஏழைப் பிள்ளை ஒருவனுக்குக் கொடுக்கவும் வழியில்லை, குப்பைக்குத்தான் கொடுக்கலாம். மக்கள் கண்டித்தனர்; 2020-ம் ஆண்டு மார்ச்சில் அந்நிபந்தனை நீக்கப்பட்டது. 2022-ம் ஆண்டிலோ, காப்புரிமை வழக்கில் சோனோஸ் பக்கம் தீர்ப்பானதால், பல ஒலிபெருக்கிகளின் ஒலியளவை ஒருங்கே கூட்டிக் குறைக்கும் வசதியைக் கூகுள் நிறுவனம் தன் கருவிகளினின்றும் நீக்கியது. வழக்காடியவர் இரு நிறுவனத்தார். வாங்கி வைத்த வீட்டுக்காரர் அவ்வழக்கில் வாதியுமல்லர், பிரதிவாதியுமல்லர். ஆனால் அவர் கூடத்திலிருந்த பொருளே ஓரிரவில் குறைந்தது.

ரீடிஃப்யூஷன் பெட்டியை இங்கே நினைவுகூர்க. அது வாடகைப் பொருள் என்று சொல்லியே வாடகைக்கு வந்தது. இவையோ விற்பனைப் பொருள் என்று சொல்லி விலைக்கு வந்து, வாடகைப் பொருள்போல் நடந்து கொள்கின்றன. காவலன் வீட்டு வாசலையும் கடந்து பெட்டிக்குள்ளேயே குடிபுகுந்தான் என்பதே இதன் பொருள்.

சாவியைப் பொதுவில் வைத்தவர்கள்

இதற்கு மாறான வரலாறும் ஒன்று உண்டு. ஸ்குவீஸ்பாக்ஸ் கருவியைச் செய்த சிலிம் டிவைசஸ், அதனை இயக்கும் சர்வர் மென்பொருளின் மூல நிரலைத் தொடக்கத்திலேயே எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை கொடுத்து வெளியிட்டிருந்தது. 2006-ல் லாஜிடெக் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கியது. 2012-ல் ஸ்குவீஸ்பாக்ஸ் வரிசை நிறுத்தப்பட்டது. 2024-ம் ஆண்டின் தொடக்கத்தில் அக்கருவிகளுக்குத் துணையாயிருந்த நிறுவனத்தின் இணையச் சேவையும் மூடப்பட்டது. பிற கருவிகளின் கதை இங்கே முடிந்திருக்கும்.

ஆனால் இக்கதை முடியவில்லை. மூல நிரல் பொதுவில் இருந்தமையால், உலகின் பல மூலைகளிலிருந்த பயனாளர்கள் கூடி அதனைத் தாமே பேணி வளர்த்தனர். லிரியன் மியூசிக் சர்வர் என்ற புதுப்பெயருடன் அது தொடர்ந்தது. கைப்பிடியளவு மலிவான கணினி ஒன்றில் அதனை ஏற்றி வைத்தால், நிறுவனம் கைவிட்ட பழைய பெட்டி மீண்டும் பாடுகிறது. நிறுவனம் விலகிய பின்னும் கருவி சாகாமலிருந்ததற்கு அதன் இரும்பு உறுதியானது காரணமன்று. அதன் அறிவு பூட்டப்படாமல் இருந்ததே காரணம். ஏட்டுச்சுவடி ஒரு வீட்டுப் பரணில் அடைபட்டிருந்தால் கரையான் ஒன்று போதும் அதனை அழிக்க. பல படிகள் பல கைகளில் இருந்தால் காலத்தாலும் அழிப்பதரிது. இந்த உண்மையை அறிய நமக்கு அயல்நாட்டுப் பாடம் வேண்டியதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். 'பூட்டு இல்லையேல் பாட்டைத் திருடுவார்களே; கலைஞர் வயிறு என்னாவது?' என்பர். நியாயமான கேள்வி. பாடுபட்டுப் பாடியவனுக்குக் கூலி கிடைத்தே தீர வேண்டும். அதில் நமக்கு ஐயமில்லை. சந்தா கட்டிக் கேட்கும் பாட்டு, சந்தா நின்றால் நிற்பதையும் நாம் குறை கூறவில்லை. நாம் கேட்பது பாட்டின் உரிமையையன்று, பெட்டியின் உரிமையை. விலை கொடுத்து வாங்கிய பெட்டி, நாமே வைத்திருக்கும் பாட்டைப் பாடுவதற்கும், பிறர் செய்த பெட்டியோடு சேர்ந்து ஒலிப்பதற்கும், செய்த நிறுவனம் கடையை மூடிய பின்னரும் உயிரோடிருப்பதற்கும் தடை கூடாது. அந்தத் தடையால் எந்தக் கலைஞர் வயிறும் நிறைவதில்லை.

'எங்களுக்குச் சர்வர் நடத்தவெல்லாம் தெரியாது. வசதிதான் வேண்டும்' என்போரும் உளர். அவரையும் நாம் பழிக்கவில்லை. நெல் விளைவிக்கத் தெரியாதவனும் அரிசிக்கடையில் படி சரியா என்று பார்த்துத்தானே வாங்குகிறான்! ஆகவே கடைக்குச் செல்லுமுன் மூன்று கேள்விகள் கேட்டுக் கொள்வோம். நிறுவனத்தின் சர்வர் நாளை நின்றால் இந்தப் பெட்டி பாடுமா? என்னிடமுள்ள பாட்டுகளை இது ஏற்குமா? வேறொருவர் செய்த பெட்டியோடு இது பேசுமா? மூன்றுக்கும் ஆம் என்று சொல்லும் பொருள்கள் உலகில் இல்லாமலில்லை. கேட்பவர் பெருகினால் அவையும் பெருகும்.

பாரிஸ் நகரத்து மண்டபத்தில் 1881-ல் செவிக்கருவியைப் பிடித்து நின்ற மக்களுக்கு, பாட்டு தம்மிடம் வந்ததே பெருவியப்பாயிருந்தது. வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை. அவர்களுக்குப் பின் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து விட்டன. வியப்பு நமக்குத் தீர்ந்தது. கேள்வி இனியேனும் பிறக்க வேண்டும். மாலையில் பிள்ளை கைபேசியைத் தொட்டு மூன்று அறைகளிலும் பாட்டெழுப்பும்போது, அவனை அருகழைத்து இந்த வரலாற்றைச் சொல்வோம். பாட்டு நம் வீட்டிற்கு வந்துவிட்டது. சாவி இன்னும் வந்து சேரவில்லை என்பதை அவன் அறிந்து கொள்ளட்டும்.